பன்னிரண்டு நிமிசம்

ஹட்டன் டவுன்ல நான் கம்பியூட்டர் கடை போட்டு ஒன்பது வருசமாச்சு. மாடிப்படி ஏறி வர்றவங்க இன்னைக்கும் என்னப் பார்த்ததும் கேக்குற மொதல் கேள்வி, "பாஸ் இல்லீங்களா?"ங்கிறதுதான். நான் கையில ஸ்க்ரூ டிரைவரோட, முன்னால ஒரு லேப்டாப்பப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். "இருக்காரு, சொல்லுங்க"ம்பேன். அவங்க சுத்தியும் முத்தியும் தேடுவாங்க. தேடட்டும்னு விட்டுட்டு என் வேலையப் பார்ப்பேன்.

இதச் சொல்றப்ப பெருமையடிக்கிற மாதிரி இருக்கும். ஆமா, பெருமைதான் அடிக்கிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துல, ஒத்தக் காம்பராவுல பொறந்து, மண்ணெண்ணெய் லாம்புல படிச்சு, இன்னைக்கு எந்த லேப்டாப்பு வந்தாலும் சரி பண்ணி அனுப்புற ஒருத்தி பெருமை அடிக்காம வேற யாரு அடிக்கிறதாம்?

இப்ப சொல்லப் போறது ஒரு போயாவுக்கு, அதான் பௌர்ணமி லீவுக்கு, முந்தின நாள் நடந்தது. காலையில பத்து மணி இருக்கும், ஒரு போன் வந்திச்சு. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸ்ல இருந்து பெரிய கிளாக்கர் பேசினாரு. லேப்டாப்பு வேலை செய்யுது, இன்டர்நெட்டும் வருது, ஆனா கொழும்புத் தலைமை ஆபீஸ் சர்வர்ல இருக்கிற பைல் ஒண்ணையும் தெறக்க முடியல, ரெண்டு நாளா இப்படித்தான்னாரு. தோட்டத்துப் பேரச் சொன்னாரு. எனக்குக் கையில இருந்த போன் ஒரு மாதிரி கனத்துப் போச்சு. அது நான் பொறந்த தோட்டம்.

"போயா முடிஞ்சு வரட்டுங்களா ஐயா?"ன்னு கேட்டேன்.

"அதுக்கு முந்தி ஒரு புள்ளைக்குக் கடுதாசி குடுக்கணும் மிஸ். இன்னைக்கே வேணும். காலையில இருந்து வந்து நிக்குது."

சரின்னு பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஹட்டன்ல பஸ் ஏறி, தலவாக்கலையில மாறி, அக்கரப்பத்தனைக்குப் போயி, அங்க இருந்து ஒரு த்ரீவீலர். கொழுந்து மலையெல்லாம் மழையில நனைஞ்சு கெடந்திச்சு. பதினோரு வயசுல ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்காகப் பெட்டியோட இந்த ரோட்டுல எறங்கினவ நான். அதுக்கப்புறம் லீவுக்கு வந்திருக்கேன், கல்யாணம் காட்சிக்கு வந்திருக்கேன். ஆனா ஆபீஸ் வாசல்ல மட்டும் காலு வச்சதில்ல.

ஏன்னா எங்க ஆளுங்க ஆபீஸுக்குள்ள போறதில்ல. அதுக்குன்னு பக்கவாட்டுல ஒரு ஜன்னல் இருக்கு. எந்தக் காரியமா இருந்தாலும் வெளிய நின்னு அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டுத்தான் பேசணும். எங்கம்மா இருபத்தெட்டு வருசம் அந்தத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க, ஒரு தடவ கூட அந்த வாசப்படி ஏறினதில்ல. நான் ஏறினேன். செருப்பக் கழட்டாம, நல்லா அழுத்தி மிதிச்சே ஏறினேன்.

பெரிய கிளாக்கர் எந்திரிச்சு நின்னு வரவேற்றாரு. வயசு அம்பதுக்கு மேல இருக்கும், நெத்தியில திருநீறு, சட்டைப் பையில ரெண்டு பேனா. தப்பா சொல்லக் கூடாது, நல்ல மனுசன். வேற தோட்டத்துல இருந்து மாத்தலாகி வந்து பதிமூணு வருசமாகுதாம். நான் யாரு வீட்டுப் புள்ளன்னு அவருக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கல.

ஜன்னலுக்கு வெளிய அந்தப் புள்ள நின்னுச்சு. இருபது, இருபத்தோரு வயசு இருக்கும். பிளாஸ்டிக் பைல் ஒண்ண நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருந்துச்சு. நர்ஸ் படிப்புக்கு நேர்முகத் தேர்வு, போயாவுக்கு அடுத்த நாள் காலையில கொழும்புல. நாளைக்கு நானுஓயா ஸ்டேசன்ல ரயில் ஏறினாத்தான் போய்ச் சேரலாம். எல்லாக் கடுதாசியும் இருக்கு, ஒண்ணத் தவிர. இந்தத் தோட்டத்துலதான் பொறந்து வளந்து இருக்கேன்னு தோட்டத்து மேனேஜர், அதான் தொரை, கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணும். லயத்துக் காம்பராவுக்கு ஏது ரோட்டுப் பேரும் வீட்டு நம்பரும்? தொரை எழுதிக் குடுத்தாத்தான் நாங்க இங்க இருக்கோம்னு வெளிய நம்புவாங்க.

தொரையோ புதுசு. வந்து ஒரு வருசந்தான். தோட்டத்துக் குடும்பப் பதிவக் கண்ணால பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. நியாயந்தான், அவரத் தப்புச் சொல்ல முடியாது. அந்தப் பதிவுப் புத்தகம் ஸ்கேன் பண்றதுக்குன்னு கொழும்புக்குப் போச்சு, திரும்பி வரல. இப்ப அது சர்வர்லதான் இருக்கு. அத எட்டிப் பிடிக்கிறதுக்கு இந்தத் தோட்டத்துல இருக்கிற ஒரே வழி கிளாக்கரோட இந்த லேப்டாப்பு. கொழும்புல அந்தப் பதிவப் பார்க்கிற அலுவலர் போயா லீவுக்கு நேத்தே ஊருக்குப் போயிட்டாராம். தொரையும் மூணு மணிக்குக் கண்டிக்குக் கெளம்புறாரு. அதுக்குள்ள ஆகலன்னா இந்த வருசம் அந்தப் புள்ளைக்கு நர்ஸ் படிப்பு இல்ல.

"அக்கா, முடியுங்களா?"ன்னு ஜன்னல் வழியா கேட்டுச்சு.

"முடியாமலா இவ்வளவு தூரம் வந்தேன்?"னு சொல்லிட்டு உக்காந்தேன். வாய் மட்டும் எனக்கு எப்பவும் பெருசு.

உக்காந்து நிமிந்து பார்த்தா, எதிர்ச் செவுத்துல அந்தக் கடிகாரம். வட்டமா, மரச் சட்டம் போட்டு, வெள்ள முகம் மஞ்சளாகி. பன்னெண்டு அம்பது காட்டிச்சு. ஆத்தாடி, இது இன்னும் இருக்கா! இந்தக் கடிகாரத்த நான் ஒரே ஒரு தடவதான் பார்த்திருக்கேன், அந்த ஜன்னலுக்கு வெளிய, எங்கம்மா சேலைய புடிச்சுக்கிட்டு நின்னு.

எனக்கு அப்ப எட்டு வயசு. ராத்திரி பூரா காய்ச்சல். அம்மா வெள்ளன எந்திரிச்சுக் கஞ்சி வச்சு, எனக்கு மருந்து குடுத்து, தனியா விட மனசில்லாம என்னையும் ஒரு கம்பளியில சுத்திக்கிட்டு ஓடினாங்க. காலையில ஆபீஸ் முன்னால பெரட்டு நடக்கும். பேரக் கூப்பிட்டு யாரு எந்த மலைக்குன்னு பிரிச்சு விடுறதுதான் பெரட்டு. ஏழு மணிக்கு முடிஞ்சிரும். அதுக்குப் பிந்தி வந்தா அன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போகணும். நாங்க போய்ச் சேர்றப்ப அப்ப இருந்த கிளாக்கர் ஜன்னல் வழியா அந்தக் கடிகாரத்தக் காட்டினாரு. ஏழு அஞ்சு. "போ, போ, நாளைக்கு நேரத்துக்கு வா"ன்னாரு.

"ஐயா, ரேடியோவுல ஏழு மணிச் செய்தி இன்னும் ஆரம்பிக்கலைங்க. பாட்டு ஓடுறப்பவே எறங்கிட்டேன்"னு எங்கம்மா சொன்னாங்க.

"அப்ப கடிகாரம் பொய் சொல்லுதா?"ன்னு கேட்டாரு அவரு. பெரட்டு முடிஞ்சு மலைக்குக் கெளம்பின அத்தன பேரும் திரும்பிப் பார்த்தாங்க. எங்கம்மா என்னத் தூக்கிக்கிட்டு லயத்துக்கு வந்துட்டாங்க. வீட்டுல அப்பா ஒரு சத்தம் போட்டாரு, அந்த ஓட்ட ரேடியோவ நம்பி வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறியேன்னு. அன்னையில இருந்து எங்கம்மா ராத்திரியில எவ்வளவு நேரம் தூங்கினாங்களோ என்னமோ, பெரட்டுக்கு எல்லாரையும் விட மொதல்ல போய் நின்னாங்க. ரேடியோவ மட்டும் காலையில போடவே மாட்டாங்க.

சரி, கதைய விட்டுட்டு வேலைக்கு வர்றேன்.

லேப்டாப்பத் தெறந்து பார்த்தேன். சர்வரோட பைல் எல்லாம் இசட் டிரைவ்னு ஒரு படத்துல தெரியணும். அதுல செவப்பா ஒரு பெருக்கல் குறி. அமுக்கினா, உங்களுக்கு அனுமதி இல்லன்னு சொல்லுது. மொதல்ல வயரப் பார்த்தேன், ரவுட்டர அமத்தித் திரும்பப் போட்டேன். அது ஒழுங்கா இருந்துச்சு. சர்வர் உசிரோட இருக்கான்னு சத்தம் குடுத்துப் பார்த்தேன், பதில் வந்துச்சு. வழி இருக்கு, ஆளும் அந்தப் பக்கம் இருக்காரு, கதவ மட்டும் தெறக்க மாட்டேங்கிறாரு. பழைய பாஸ்வேர்டு எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்குமோன்னு அதையெல்லாம் சுத்தமா தொடச்சேன். மறுபடி போட்டேன். அனுமதி இல்ல.

கொழும்புக்குப் போன் போட்டேன். அங்க இருக்கிற கம்பியூட்டர் இஞ்சினியர் சிங்களத்துல பேசினாரு, நானும் சிங்களத்துலயே பேசினேன். பாஸ்வேர்ட அங்க இருந்தே புதுசா மாத்திக் குடுத்தாரு. மாத்தியும் அதே பதில். அந்தக் குடும்பப் பதிவ நீங்களே தெறந்து அனுப்புங்களேன்னு கெஞ்சாத குறையா கேட்டேன். எனக்கு அந்தப் போல்டருக்கு உரிமை இல்ல, லீவுல போன அலுவலரும் தோட்டத்துக் கிளாக்கரும் மட்டும்தான் தெறக்கலாம்னுட்டாரு. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, "லேப்டாப்பக் கீழ அனுப்புங்க மிஸ், எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தர்றோம். உங்களால அங்க ஒண்ணும் செய்ய ஏலாது"ன்னாரு.

எனக்கு மூக்கு நுனியில கோவம் வந்திருச்சு. ஏலாதுங்கிற வார்த்தைய என்கிட்ட சொல்லாதீங்க. "அனுப்புறதா இல்லையான்னு நான் சொல்றேன்"னு சொல்லிப் போன வச்சேன்.

வச்சுட்டேனே ஒழிய, கையில ஒண்ணும் இல்ல. தெரிஞ்ச வழி எல்லாம் தட்டியாச்சு. பெரிய கிளாக்கர் தேத்தண்ணி வரவழச்சாரு, ஆறிப் போச்சு. நான் நிமிந்து நிமிந்து செவுத்தப் பார்க்கிறேன். ஒண்ணு அம்பது. ரெண்டு. ரெண்டு பத்து. கீழ லேப்டாப்போட மூலையிலயும் அதே நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. அந்தக் கடிகாரம் என்ன வெரட்டுது, வா வா, பிந்திட்ட பிந்திட்டன்னு. எட்டு வயசுப் புள்ளையாட்டம் அதுக்குப் பயந்து உக்காந்திருக்கேன். ஒன்பது வருசமா கடை நடத்துறவ, வெக்கமா இருந்துச்சு.

"ரெண்டு பதினேழு ஆயிருச்சு. இன்னும் முக்கா மணி நேரங்கூட இல்லையே"ன்னு வாய் விட்டே சொல்லிட்டேன்.

அப்ப அந்தப் புள்ள ஜன்னல்ல இருந்து போனத் தூக்கிக் காட்டிச்சு. "பதறாதீங்க அக்கா. மணி ரெண்டு அஞ்சுதான். அது ஆபீஸ் மணி."

"ஆபீஸ் மணின்னா?"

"இங்க கடிகாரம் எப்பவும் முந்தித்தான் ஓடும் அக்கா. எங்களுக்கெல்லாம் போன் வந்தப்புறம்தான் தெரிஞ்சிச்சு. நாங்க வீட்டுல சிரிப்போம். பெரட்டுக்கு வர்றப்ப ஆபீஸ் மணி, மத்ததுக்கெல்லாம் போன் மணி."

நான் என் போன எடுத்துப் பார்த்தேன். ரெண்டு அஞ்சு. செவுத்தப் பார்த்தேன். ரெண்டு பதினேழு. லேப்டாப்பு மூலையப் பார்த்தேன். ரெண்டு பதினேழு.

அடிப்பாவி மக்கா! நெத்தியில அடிச்சுக்கிட்டேன். வேற எவனாவது வந்திருந்தா உக்காந்த கையோட லேப்டாப்பு நேரத்தையும் போன் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பான். கடையில நான் எடுத்த எடுப்புல பார்க்கிறது அதத்தான். இந்த ஆபீஸ்ல மட்டும் பார்க்கல. செவுத்துல இருக்கிற நேரமும் லேப்டாப்பு நேரமும் ஒண்ணா இருந்துச்சு, அதனால சந்தேகமே வரல. அந்தக் கடிகாரம் பொய் சொல்லும்னு எட்டு வயசுல இருந்து எனக்குத் தோணினதே இல்ல. இந்தத் தோட்டத்துல பொறந்தவதான் இப்படி ஏமாற முடியும்.

"ஐயா, இந்த லேப்டாப்புல நேரத்த யாராவது மாத்தினீங்களா?"ன்னு கேட்டேன்.

பெரிய கிளாக்கர் கொஞ்சம்கூட தயங்கல. பெருமையாவே சொன்னாரு. "ஆமா மிஸ், நான்தான். இப்ப பெரட்டுக்கு இதுலதானே பேர் போடுறோம். செவுத்துல ஒரு நேரம், இதுல ஒரு நேரம்னு இருந்தா ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. ஒரு ஆபீஸ்ல ரெண்டு நேரம் இருக்க முடியுங்களா? நானும் மாத்தி மாத்தி வச்சேன், இது மறுபடி பழைய நேரத்துக்கே ஓடிச்சு. அப்புறம் பார்த்தா தானா மாறாம இருக்க ஒரு இடம் இருந்திச்சு. பிரிண்டர் போடுறதுக்குன்னு கொழும்புல குடுத்த பாஸ்வேர்டப் போட்டு அத அமத்திட்டேன். முந்தாநாள்ல இருந்து ஒழுங்கா இருக்கு."

"முந்தாநாள்ல இருந்துதான் பைலும் தெறக்கலைங்களா?"

அவரு யோசிச்சாரு. மொகம் மெதுவா மாறிச்சு. "ஆமா"ன்னாரு.

விசயம் இவ்வளவுதான். சர்வர் கதவு தெறக்கிறதுக்கு முந்தி லேப்டாப்பு ஒரு சீட்டு நீட்டும். அதுல நேரம் எழுதியிருக்கும். சர்வர் தன் நேரத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். அஞ்சு நிமிசத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா, இது கள்ளச் சீட்டுன்னு தள்ளிரும். யாரு, எந்த ஊரு, என்ன பாஸ்வேர்டுன்னு அதுக்கு மேல கேக்கவே கேக்காது. நான் அதக் கிளாக்கருக்கு இப்படித்தான் சொன்னேன்: "கொழும்பு சர்வர் உங்களப் பெரட்டுல இருந்து திருப்பி அனுப்பிருச்சுங்க ஐயா. நேரம் சரியில்லையாம்."

அவருக்குச் சுருக்குன்னு பட்டிருக்கும். படட்டும்னுதான் சொன்னேன்.

நேரத்தச் சரி பண்ணினேன். அவரு அமத்தி வச்சதத் திருப்பிப் போட்டேன். லேப்டாப்ப அமத்தித் தெறந்து, பாஸ்வேர்டு போட்டு, கொழும்போட இணைச்சேன். சின்ன வட்டம் சுத்திச்சு, சுத்திச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஜன்னல்ல கம்பியப் புடிச்சிருந்த அந்தப் புள்ளையோட வெரலு வெளுத்துப் போயிருந்துச்சு. செவப்புப் பெருக்கல் குறி காணாமப் போச்சு. அமுக்கினேன். வரிசையா பைல் வந்து விழுந்துச்சு.

"வந்திருச்சு!"ன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் காம்பராவுல இருந்து தேத்தண்ணி போடுற அம்மா ஓடி வந்து பார்த்தாங்க. கத்தினா என்ன? எனக்கு சந்தோசம் வந்தா கத்துவேன்.

"எந்த லயம்மா நீ?"

"பணிய கணக்கு, ஏழாம் லயம், நாலாங் காம்பரா அக்கா."

தோட்டத்தோட கீழ்ப் பிரிவுதான் பணிய கணக்கு. அங்க தேடினேன். ஸ்கேன் பண்ணின பக்கம் ஒவ்வொண்ணா போச்சு. எங்க லயத்துப் பக்கமும் கண்ணுல பட்டிச்சு, நான் நிக்கல. ஏழாம் லயம் வந்துச்சு. நாலாங் காம்பரா. அப்பா, அம்மா, புள்ளைங்க மூணு பேரு, நடுவுல இந்தப் புள்ள.

"உள்ள வந்து பாரு, சரியான்னு"ன்னேன்.

அது பெரிய கிளாக்கரப் பார்த்துச்சு. பெரிய கிளாக்கர் என்னப் பார்த்தாரு. ஜன்னல்ல இருந்தே பார்க்கட்டுமேன்னு சொல்ல வாயெடுத்தாரு. "கம்பி மறைக்குதுங்க ஐயா"ன்னு நான் முந்திக்கிட்டேன். அந்தப் புள்ள செருப்ப வாசல்ல கழட்டப் போச்சு. "போட்டுக்கிட்டே வாம்மா, தரை குளுருது"ன்னேன். வந்து என் தோளுக்குப் பின்னால நின்னு தன் பேரத் தானே படிச்சிச்சு. பிரிண்டர்ல இருந்து கடுதாசி வந்தப்ப அதத் தொட்டுப் பார்த்துச்சு, இன்னும் சூடா இருக்கு அக்கான்னு.

கொழும்பு இஞ்சினியரே திரும்பப் போன் பண்ணினாரு, லேப்டாப்ப எப்ப அனுப்புறீங்கன்னு. வேலை முடிஞ்சிருச்சுன்னேன். என்ன செஞ்சீங்கன்னாரு. நேரத்தச் சரி பண்ணினேன்னு சிங்களத்துல சொன்னேன். அப்புறம், "ஐயோ மிஸ், நான் மொதல்லயே அதக் கேட்டிருக்கணும்"னாரு. கேட்டிருக்கணும்தான். நானும்தான் பார்த்திருக்கணும். அத அவருகிட்ட ஏன் சொல்லுவேன்?

தொரை எங்க பக்கம் வந்தப்ப அவரு கைக்கடிகாரத்துல ரெண்டு நாப்பது. சிங்கள ஆளு, தமிழ் நல்லாவே பேசுவாரு. பதிவப் பார்த்தாரு, கடுதாசியப் படிச்சாரு, கையெழுத்துப் போட்டு சீலும் குத்தினாரு. என்ன கோளாறுன்னு என்கிட்ட கேட்டாரு. நான் செவுத்தக் காட்டினேன். அவரு தன் கையப் பார்த்தாரு, செவுத்தப் பார்த்தாரு, சிரிச்சுட்டாரு. "நானும் ஒரு வருசமா யோசிக்கிறேன், எப்படி எல்லாரும் எனக்கு முன்னுக்கே பெரட்டுக்கு வந்து நிக்கிறாங்கன்னு!"

"இது எப்ப இருந்துங்க ஐயா?"ன்னு பெரிய கிளாக்கரக் கேட்டேன்.

"நான் வர்றப்பவே இப்படித்தான் ஓடிச்சு மிஸ். எனக்கு முந்தி இருந்தவரும் அவருக்கு முந்தி இருந்தவர்கிட்ட இருந்துதான் வாங்கியிருக்காரு. ஆளுங்க நேரத்துக்கு வரணும்னு வச்சது. நான் பேட்டரி மாத்துறப்பக்கூட மறக்காம பன்னிரண்டு நிமிசம் முந்தி வச்சிருவேன்." அவரு அதக் கடமை தவறாத ஆளாத்தான் சொன்னாரு. அவருமேல எனக்குக் கோவம் வரல. ஆனா அந்தப் பன்னிரண்டு காதுல விழுந்ததும் எட்டு வயசுல பார்த்த அந்த ஏழு அஞ்சு ஞாபகம் வந்திருச்சு.

ஏழு அஞ்சுல இருந்து பன்னிரண்டு போனா ஆறு அம்பத்திமூணு. நின்ன நெலையில கணக்குப் போட்டேன். ரேடியோ பொய் சொல்லல. எங்கம்மாவும் பொய் சொல்லல. இன்னும் ஏழு நிமிசம் கையில வச்சுக்கிட்டு, காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன ஒரு மனுசிய அத்தன பேருக்கு முன்னால திருப்பி அனுப்பியிருக்காங்க.

"சார், இந்தக் கடிகாரம் இப்படியே இருந்தா யாராவது மறுபடி லேப்டாப்ப மாத்துவாங்க. மறுபடி சர்வர் தெறக்காது. நான் மறுபடி வர மாட்டேன்"னு தொரைகிட்ட சொன்னேன். "இதச் சரி பண்ணினாத்தான் என் வேலை முடியும்."

"அத மாத்தினா ஆளுங்க எல்லாம் பிந்தி வருவாங்க சார்"னு பெரிய கிளாக்கர் பதறினாரு.

"ஏங்க ஐயா, மழையிலயும் பனியிலயும் அட்டக்கடியிலயும் வர்றவங்க, உங்க கடிகாரத்துக்காகவா வர்றாங்க?"ன்னு கேட்டுட்டேன். கொஞ்சம் காரமாத்தான் கேட்டேன்.

தொரை கையக் காட்டினாரு. "மாத்துங்க மிஸ்."

பெரிய கிளாக்கர் ஆளக் கூப்பிடுறேன்னாரு. வேணாம்னுட்டேன். அவரு நாற்காலியவே இழுத்துப் போட்டு, மேல ஏறி, அந்தக் கடிகாரத்தக் கழட்டி எறக்கினேன். பின்னால செவுத்துல வட்டமா ஒரு வெள்ளத் தடம். தூசியத் தொடச்சு, என் போனப் பார்த்து, முள்ளப் பின்னால தள்ளினேன். ஒவ்வொரு நிமிசமா, பன்னிரண்டு. அந்தப் புள்ள நாற்காலியப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மாட்டிட்டுக் கீழ எறங்கினேன். சும்மா சொல்லல, என் வாழ்க்கையில நான் எத்தனையோ மெசின சரி பண்ணியிருக்கேன், அந்த நாற்காலி மேல நின்ன மாதிரி ஒரு ஒயரத்துல நின்னதில்ல.

அந்தப் புள்ளையும் நானும் ஒண்ணாத்தான் எறங்கி வந்தோம். ரோட்டுல அது என் நம்பரக் கேட்டு வாங்கிக்கிட்டுச்சு. இப்ப அது தெரிவாகி நர்ஸ் படிச்சுக்கிட்டு இருக்கு, லீவுக்கு வந்தா கடைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல.

அன்னைக்கு வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இப்ப ஹட்டன்ல என்கூடத்தான் இருக்காங்க. கொழுந்து எடுத்து எடுத்து வளைஞ்ச வெரலால வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. சர்வரு, சீட்டுன்னு நான் அளந்ததுக்கெல்லாம் தலையாட்டினாங்க. கடிகாரம் பன்னிரண்டு நிமிசம் முந்தி ஓடினதச் சொன்னப்ப வெரலு நின்னுச்சு. "ஓ"ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் வெங்காயத்த உரிச்சாங்க. எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. மறந்துட்டாங்க போலன்னு நெனச்சேன்.

போயா கழிஞ்சு அடுத்த நாள். காலையில கடைக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன், அந்தப் புள்ள கொழும்புல இருந்து போன் பண்ணிச்சு. பேரக் கூப்பிட்டுட்டாங்க அக்கா, உள்ள போகப் போறேன், கடுதாசி எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு. குரல் பறக்குது. நல்லா பேசிட்டு வாம்மான்னு சொல்லி வச்சேன்.

அடுப்படியில இருந்து அம்மா கேட்டாங்க. "அந்தப் புள்ள நேரத்துக்குப் போயிருச்சாம்மா?"

"போயிருச்சும்மா. நேரத்துக்குப் போயிருச்சு."

அம்மா ஈரக் கையச் சேலையில தொடச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து நின்னாங்க. முதுக நிமித்தி, என்ன நேராப் பார்த்தாங்க.

"நானும் அன்னைக்கு நேரத்துக்குத்தான் போனேன்"னாங்க.